அந்த மதகுகிட்ட போய்க் கேளுங்க

மன்னார்குடிப் பக்கம் உள்ளடங்கிக் கிடக்கும் ஏதாவது ஓர் ஊருக்கு வழி கேட்டுப் பாருங்கள். முழு வழியையும் ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். "இப்படியே கிழக்கால போங்க. ஒரு மதகு வரும். அதத் தாண்டுனதும் தெக்கால ஒரு கப்பி ரோடு பிரியும், அதுல எறங்கிடாதீங்க. நேரா போனா அய்யனார் கோயிலு. அங்க யாராச்சும் உக்காந்திருப்பாங்க, கேட்டுக்குங்க." அத்தோடு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். போகவேண்டிய இடம் இன்னும் நமக்குத் தெரியாது. ஆனால் அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும். கூடவே, இறங்கக் கூடாது என்று சொன்ன அந்தக் கப்பி ரோடு எங்கேதான் போகிறது என்ற அரிப்பும் ஒட்டிக்கொண்டு வரும்.

மாயமும் வாள்சண்டையும் நிறைந்த சாகச கேம்களைப் பல வருஷமாக விளையாடிவருகிறேன். அவற்றில் மனதில் தங்கிய உலகங்கள் எல்லாம் ஏறக்குறைய அந்தப் பெரியவர் செய்ததைத்தான் செய்கின்றன. பாதியைச் சொல்கின்றன. சொன்ன பாதியில் பொய் இருப்பதில்லை.

இதை எனக்குப் புரியவைத்தது என் அக்கா மகன். போன மே மாத லீவில் ஊருக்கு வந்தவன் முழுநேரமும் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாடிக்கொண்டிருந்தான். ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோ 2017இல் வெளியிட்ட, 'செல்டா' வரிசை கேம் அது. ஒரு கிராமத்துக் கிழவியைப் பார்க்கப் புறப்பட்டவன், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எங்கோ ஒரு பாறை உச்சியில் நின்றுகொண்டிருக்கிறான்.

"ஏண்டா, அந்தக் கிழவியப் பாக்கப் போறேன்னியே, என்ன ஆச்சு?"

"அது கெடக்கு மாமா. அங்க பாருங்க, அந்த மேட்டுக்குப் பின்னாடி பொகை வருது."

ஓர் உலகம் சுற்றிப் பார்க்கச் சுவையாக இருக்கிறதா இல்லையா என்பதற்கு 'அது கெடக்கு' என்பதைவிட நல்ல அளவுகோலை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கேம் கொடுத்த வேலையைக் கிடப்பில் போட்டுவிட்டு, நாமே எடுத்துக்கொண்ட வேலைக்குப் போகிறோமா? சில கேம்களில் போகிறோம். எத்தனையோ கேம்களில் போவதில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

பெரிய உலகமாக இருந்தால் போதும் என்று முதலில் தோன்றும். அப்படி நம்பியவர்கள் உண்டு. 1996இல் வந்த 'டாகர்ஃபால்' கேமின் நிலப்பரப்பு கிட்டத்தட்ட பிரிட்டன் தீவின் அளவு என்று அதைச் செய்தவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான ஊர்களைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு முளைக்கவைத்தது. 2016இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' விண்வெளிக் கதை என்றாலும் வியாதி அதேதான். அதில் 1.84 லட்சம் கோடி கோடி கிரகங்கள். எழுத்துப்பிழை இல்லை, 'கோடி' இரண்டு தடவைதான். பத்துக் கிரகம் இறங்கிப் பார்த்தவர்கள் பதினொன்றாவது எப்படி இருக்கும் என்று ஊகித்துவிட்டார்கள், வெளியான புதிதில் திட்டும் வாங்கியது. பிறகு வருஷக்கணக்காக மெருகேற்றி அந்தக் கேமை மீட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மீட்டது கிரகங்களின் எண்ணிக்கை அல்ல.

செல்டா பிறந்த கதை இதற்கு நேரெதிர். அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ ஜப்பானில் கியோட்டோவை அடுத்த சோனோபே என்ற சிற்றூரில் வளர்ந்தவர். சின்ன வயதில் மேப் எதுவும் இல்லாமல் நடந்து போய், எதிர்பாராமல் ஓர் ஏரியின் முன்னால் போய் நின்ற திகைப்பைத்தான் 1986இல் வந்த முதல் செல்டாவுக்குள் வைக்க முயன்றதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஏரி பெரியதா சின்னதா என்பது அங்கே பேச்சே இல்லை. முன்கூட்டித் தெரியாமல் இருந்தது என்பதுதான் பேச்சு.

அப்படியானால், தெரியாமல் வைப்பது எப்படி? நிண்டெண்டோ ஆட்கள் 2017இல் ஜப்பானில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் இதைச் சற்று வெளிப்படையாகப் பேசினார்கள். அவர்கள் கையாண்டது முக்கோணம். மலை, மேடு, பாறை, ஏன் சில கட்டடங்கள்கூட முக்கோண வடிவம். முக்கோணம் இரண்டு வேலை செய்யும். பின்னால் இருப்பதை மறைக்கும். கூடவே, 'ஏறிப் போகலாமா, சுற்றிப் போகலாமா' என்று நம்மைக் கேட்கும். ஏறினாலும் சரி சுற்றினாலும் சரி, மறைந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டும். தலைகாட்டியதை நோக்கிப் போனால் வழியில் இன்னொரு முக்கோணம். பெரியது தூரத்து அடையாளம், நடுத்தரமானது பார்வையை மறைக்க, சிறியது நடையின் தாளத்தை மாற்ற என்று மூன்று அளவில் வைத்திருந்தார்களாம்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எங்கள் ஊரில் முக்கோணத்துக்கு எங்கே போவது? மலை பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டும். கல்லணை தாண்டிக் கடல்வரை தரை ஒரே மட்டம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயிலில் போகும் வெளியூர்க்காரருக்கு ஜன்னலில் தெரிவது ஒரே வயல், மறுபடியும் வயல், நடுவே ஒரு கொக்கு. நிண்டெண்டோ கணக்குப்படி எங்கள் காவிரி டெல்டா உலகத்திலேயே அலுப்பான மேப்பாக இருக்க வேண்டும். ஆனால் இந்த மண்ணில் சைக்கிளில் சுற்றி வளர்ந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் இங்கேயும் முக்கோணம் இருக்கிறது, உயரம்தான் குறைவு. ஆற்றங்கரையைச் சொல்கிறேன். வயல் வரப்பிலிருந்து பார்த்தால் ஆறு தெரியாது. ஓர் ஆள் உயரத்துக்கோ இரண்டு ஆள் உயரத்துக்கோ எழும்பி நிற்கும் கரைதான் தெரியும். அதன்மேல் ஏறி நின்றால்தான் நாணலும் மணலும், எதிர்க்கரையில் ஒரு படித்துறையும், அதற்குப் பின்னால் தென்னைகளுக்கு மேலே ஒரு கோபுரத்தின் நுனியும் வரிசையாக வெளியே வரும். இந்த ஏற்பாட்டில் கோபுரம்தான் பெரிய முக்கோணம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் 216 அடி என்பது மலைநாட்டில் ஒன்றுமில்லை. தட்டையான தரையில் அதுவே மலை. ஆயிரம் வருஷமாக வழிப்போக்கர்களின் கண்ணுக்குத் தெரிவதும் மறைவதுமாக அது நிற்கிறது. 'எல்டன் ரிங்' கேமில் எங்கே நின்றாலும் பொன்னிறத்தில் ஒளிரும் ஒரு பிரம்மாண்ட மரம் தெரியுமே, அது செய்கிற வேலையும் இதுதான்: நான் இருக்கும் இடம் எது, போகவேண்டிய இடம் எது என்று அம்புக்குறி இல்லாமலே சொல்வது.

ஆனால் உயரம் மட்டும் போதாது. நான்கு கோபுரமும் ஒரே மாதிரி இருந்தால் எது எந்த ஊர் என்று எப்படித் தெரியும்? இதற்கு எங்கள் பக்கத்தில் பழைய சொலவடை ஒன்று உண்டு. திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு. யார் கட்டியதோ தெரியாத இந்த வரி, கேம் உலகம் செய்பவர்கள் மேஜையில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய வரி. ஊருக்கு ஒரு கோயில் என்பது எல்லா ஊருக்கும் பொதுவானது. அதனால் அதை விட்டுவிட்டு, இந்த ஊரில் மட்டும் கண்ணில் நிற்பது எது என்று பார்த்து, ஓர் ஊருக்கு ஒரே ஒரு பெயர்ச்சொல்லைக் கொடுக்கிறது. தேர், தெரு, மதில், விளக்கு. நான்கும் நான்கு வகைப் பொருள் என்பதைக் கவனியுங்கள். நகர்வது ஒன்று, நடப்பது ஒன்று, சூழ்வது ஒன்று, எரிவது ஒன்று. பிரெத் ஆஃப் தி வைல்டில் நாடெங்கும் 120 சிறு கோயில்கள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. கண்டுபிடிக்கும் வரை ஆனந்தம். உள்ளே போனால் அதே நீல வெளிச்சம், அதே சுவர், அதே இசை. புதிர்கள் வேறு வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் எண்பதாவதுக்கு மேல் எனக்கு எது எங்கே இருந்தது என்றே நினைவில்லை. அந்த அற்புதமான கேமில் எனக்குள்ள பெரிய மனக்குறை இது. தேரழகும் தெருவழகும் வெளியே இருந்தன, உள்ளே இல்லை.

அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லின்ச், பாஸ்டன் போன்ற நகரங்களில் வசித்தவர்களிடம் பேசிவிட்டு, ஒரு நகரத்தை மனதில் வரைந்துகொள்ள மனிதர்கள் ஐந்து விஷயங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று 1960இல் எழுதினார். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளம். கேம் வடிவமைப்பைப் பற்றிப் பேசும் பலரும் இன்றும் இதை எடுத்தாள்கிறார்கள். இந்த ஐந்தில் கேம்கள் அதிகம் கோட்டைவிடுவது விளிம்பில் என்பது என் எண்ணம். டெல்டாவில் ஆறுதான் விளிம்பு, ஆறேதான் பாதையும். நீடாமங்கலத்தை ஒட்டி மூணாறு தலைப்பு என்று ஓர் இடம். அங்கே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஒரு சந்தி, மூன்று பாதை. அதே மூன்றும் மூன்று விளிம்பு. கரையோடு போனால் வழிகாட்டும், குறுக்கே போக நினைத்தால் தடுக்கும்.

தடுப்பது என்பதில் இன்னொரு நயமும் இருக்கிறது. கோடையில் இங்கே ஆறு வெறும் மணல். எதிர்க்கரை ஊருக்குப் பிள்ளைகள் மணலில் இறங்கி நடந்தே போய்விடுவார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. சில நாளில் தண்ணீர் கல்லணை வந்து, அங்கிருந்து ஒவ்வொரு மதகாக இறங்கிக் கடைமடை நோக்கிப் போகும். அது வந்த அன்று நேற்றுவரை ஐந்து நிமிஷமாக இருந்த எதிர்க்கரை, பாலம் சுற்றி அரைமணி நேரம் ஆகிவிடும். நிலம் மாறவில்லை, வழி மாறிவிட்டது. இந்தப் பூட்டில் சாவி வாங்கும் கடை கிடையாது. யாரும் தடுப்புச்சுவர் கட்டிவைத்து 'நீ இன்னும் பத்தாம் நிலைக்கு வரவில்லை' என்று சொல்வதுமில்லை. காரணம் கண் முன்னால் ஓடுகிறது. பிரெத் ஆஃப் தி வைல்டில் மழை பெய்தால் பாறை வழுக்கும், ஏற முடியாது. உலகம் முழுக்க இதற்குத் திட்டு விழுந்தது. என் அக்கா மகனும் திட்டினான். நான் மட்டும் அந்த மழைக்கு வக்கீல். ஆற்றில் தண்ணீர் வந்ததற்கு யாராவது கோபிப்பார்களா? சரி, இங்கே ஜூனில் தண்ணீர் வரவில்லை என்றால்தான் கோபம், அது வேறு கதை.

விளிம்புக்கு உயிர் கொடுப்பது அதைக் கடக்கும் குறுக்குவழி. 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்' விளையாடியவர்கள் ஒரு கணத்தை மறக்க மாட்டார்கள். பல மணி நேரம் செத்துச் செத்துப் பிழைத்து மேலே மேலே ஏறி, ஒரு பாழடைந்த தேவாலயத்தில் லிஃப்ட் ஒன்றைக் கண்டு இறங்கினால், அது புறப்பட்ட இடத்துக்கே, அந்தப் பழைய கணப்பு நெருப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். எவ்வளவோ தூரம் வந்துவிட்டதாக நினைத்தோம், சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறோம். 2022இல் வந்த 'டியூனிக்' இதை இன்னும் குறும்பாகச் செய்தது. அதில் பல குறுக்குவழிகள் முதல் நாளிலிருந்தே திறந்துதான் கிடக்கும். கேமரா பார்க்கும் கோணத்தில் ஒரு சுவரோ மரமோ மறைத்திருக்கும், அவ்வளவே. தெரிந்துகொள்வதே சாவி. எங்கள் ஊரில் எந்தத் துறையில் இறங்கினால் இடுப்பளவு, எதில் இறங்கினால் ஆளை இழுக்கும் என்று தெரிந்தவர் வீட்டுக்குச் சீக்கிரம் போவார். தெரியாதவர் பாலம் சுற்றுவார். இருவருக்கும் அதே ஆறுதான்.

இந்த இடத்தில் மேப்பைப் பற்றிப் பேசாமல் முடியாது. 2007இல் முதல் 'அசாசின்ஸ் க்ரீட்' உயரமான கோபுரத்தில் ஏறினால் சுற்றுவட்டாரம் மேப்பில் திறந்துகொள்ளும் என்ற வழக்கத்தைப் பரப்பியது. ஏறிப் பார்ப்பது நல்ல யோசனைதான். பின்னால் வந்த பல கேம்களில், ஏறியதும் மேப் முழுக்க ஐம்பது குறிகள் முளைக்க ஆரம்பித்தன. பெட்டி இங்கே, எதிரி முகாம் அங்கே, இறகு ஒன்று அந்தக் கூரையில். அதற்குப் பிறகு நடப்பதற்குப் பெயர் தேடல் அல்ல. கையில் சீட்டை வைத்துக்கொண்டு மளிகைக்கடையில் நிற்பது போல. நிண்டெண்டோவும் கோபுரம் வைத்தது. ஆனால் ஏறினால் மேடு பள்ளமும் ஊர்ப்பெயரும்தான் கிடைக்கும். மற்றதை உச்சியில் நின்று தொலைநோக்கியால் பார்த்து நாமே மேப்பில் அடையாள முள் குத்திக்கொள்ள வேண்டும். நான் குத்திய முள் என் கேள்வி. கேம் குத்திய முள் யாரோ கொடுத்த வேலை.

'ஹாலோ நைட்' இதில் எனக்கு மிகப் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு சிறிய குழு செய்து 2017இல் வெளிவந்த கேம். பூச்சிகளின் பாழடைந்த ராஜ்யம். புதுப் பகுதிக்குள் நுழைந்தால் மேப் இருக்காது. கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் எங்கேயோ உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார். அவர் முணுமுணுக்கும் பாட்டு இருட்டில் கேட்கும், வழியில் சிதறிய காகிதங்கள் கிடக்கும். பின்தொடர்ந்து போய்க் காசு கொடுத்தால் பாதி வரைந்த மேப் கிடைக்கும். மீதியை நாம் நடந்து நிரப்ப வேண்டும். அதுவும் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் மேப்பில் ஏறும். காதால் வழி கண்டுபிடிப்பது டெல்டாக்காரர்களுக்குப் புதிதா என்ன? ராத்திரியில் பழக்கமில்லாத ஊரில் கல்யாண வீட்டைத் தேடிப் போனவர்கள் தவில் சத்தத்தை வைத்துத்தானே திரும்புவோம்.

2002இல் வந்த 'மாரோவிண்ட்' அம்புக்குறியே வைக்காமல், ஆட்கள் வாயால் வழி சொல்லி அனுப்பியது. 'வடக்கே போ, பாலம் வரும், ஆற்றோடு மேற்கே திரும்பு' என்ற ரகம். அதில் வழி தவறியவர்கள் ஏராளம். நானும் ஒரு குகையைத் தேடி ஒரு சாயங்காலம் முழுக்க அலைந்திருக்கிறேன். ஆனால் அந்த மலைப்பாதைகள் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கின்றன. அம்புக்குறியைப் பார்த்து ஓடிய கேம்களில் எனக்கு ஞாபகம் இருப்பது அம்புக்குறி.

தேடிப் போனவனுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பது அடுத்த சிக்கல். வாள் கிடைக்கும், தங்கம் கிடைக்கும் என்று வைத்தால் வாள் கிடைக்காத குகை ஏமாற்றமாகிவிடும். பிரெத் ஆஃப் தி வைல்டில் 900 குட்டி வனதேவதைகள் ஒளிந்திருக்கின்றன. வட்டமாக அடுக்கிய கற்களில் ஒன்று குறைகிறதா, மலையுச்சியில் தனியாக ஒரு கல் கிடக்கிறதா, தொட்டுப் பார்த்தால் ஒன்று சிரித்துக்கொண்டு வெளியே வரும். ஒரு விதை தரும். 'நீ சந்தேகப்பட்டது சரி' என்பதுதான் உண்மையான பரிசு. தொள்ளாயிரத்தையும் ஒன்று விடாமல் சேர்த்தவருக்குக் கடைசியில் கிடைப்பது சாணி உருண்டை வடிவத்தில் ஒரு தங்கப் பொருள். எல்லாவற்றையும் பொறுக்காதே, போகிற வழியில் கண்ணில் பட்டதை எடு என்று வடிவமைத்தவர்கள் கிண்டலாகச் சொல்கிறார்கள். தாராசுரம் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. இடப்பக்கத்தை மறைத்தால் ஒன்று, வலப்பக்கத்தை மறைத்தால் இன்னொன்று. அதைப் பார்த்ததால் யாருக்கும் எதுவும் லாபமில்லை. ஆனால் பார்த்தவர் அடுத்த தூணை வேகமாகக் கடக்க மாட்டார்.

மேலே தெரிவதற்குக் கீழே இன்னொன்று இருப்பதும் இதே வகை. எல்டன் ரிங்கில் ஒரு காட்டுக்குள் சின்னதாக ஒரு கல் மண்டபம். உள்ளே லிஃப்ட். இறங்குகிறது, இறங்குகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. குகை வரும் என்று நினைத்தால் தலைக்குமேல் நட்சத்திரங்கள், கீழே ஓர் ஆறு. அதுவரை பார்த்த உலகம் வெறும் மேல்தளம் என்று அப்போதுதான் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களைத்தான் அதுவரை கண்டிருந்தார்கள். 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி அந்தப் பூச்சு உதிர்ந்த இடங்களில் உற்றுப் பார்த்தபோது, அடியில் சோழர் கால ஓவியங்கள். எத்தனையோ தலைமுறை அந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறது.

'நம்ம ஊரையும் இப்படி கேமாக்கணும்' என்று பேசும் நண்பர்கள் உண்டு. ஆசை நியாயமானது. புனேயைச் சேர்ந்த குழு ஒன்று 2020இல் 'ராஜி' என்ற சாகச கேமை வெளியிட்டு வழியும் காட்டியிருக்கிறது. ஆனால் பேச்சு எப்போதும் ராஜராஜன், புலிக்கொடி, வாள் என்றுதான் போகிறது. எனக்கு வேண்டியது மதகு. எந்த மதகைத் திறந்தால் எந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறும், எந்த வழி மூழ்கும், எந்த ஊருக்குப் படகில் போகலாம், எந்தக் கடைமடை காய்ந்து சண்டைக்கு வரும் என்று ஓடும் ஓர் உலகம் கிடைத்தால் அதில் ராஜா இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்படி ஒரு கேமில் உலகத்தின் ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். பல கேம்களில் ஓரம் என்பது கண்ணுக்குத் தெரியாத சுவர். இங்கே பாமணியாறும் கோரையாறும் போய்ச் சேரும் முத்துப்பேட்டையில் நிலம் ஒரு கோட்டில் முடிவதில்லை. வயல் உப்புத்தரையாகிறது, உப்புத்தரை சேறாகிறது, சேற்றில் வேர்கள் மூச்சுவிட நிமிர்ந்து நிற்கும் அலையாத்திக் காடு, அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் உப்பங்கழி. அந்த மே மாத லீவில் ஜாம்புவானோடையிலிருந்து படகில் அக்கா மகனை அழைத்துப்போனேன். காடு விலகித் தண்ணீர் அகன்றதும் எழுந்து நின்றுகொண்டான்.

"அண்ணே, அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"காயல் முடிஞ்சா முகத்துவாரம் தம்பி. அப்பறம் கடல்."

"அதுக்கும் அந்தப் பக்கம்?"

படகுக்காரர் துடுப்பை நிறுத்தாமல் சொன்னார்: "கடலுக்குப் போறவங்க திரும்பி வருவாங்க, தொறையில நின்னு கேளுங்க."